நான்கு மோட்டார் உள்ள ரவுட்டருக்கு எந்தக் கொன்ட்ரோலர்?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவில் கண்ணாடியிழைப் படகுப் பட்டறை நடத்துகிறீர்கள். மோல்டுக்கு வேண்டிய ஒட்டுப்பலகைச் சட்டங்களையும் ரிஜிபோம் என்ற நுரைக் கட்டைகளையும் வெட்டுவதற்காக, பத்தடிக்கு ஐந்தடி மேசையுள்ள பழைய ரவுட்டர் இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டீர்கள். போன மாதம் அதன் கணினியும், கணினிக்குள் செருகியிருந்த கொன்ட்ரோலர் அட்டையும் (மோட்டார்கள் எவ்வளவு, எந்த வேகத்தில் அசையவேண்டும் என்று கட்டளையிடும் பகுதி) நின்றுவிட்டன. கொழும்பு முகவர் ஒருவர் ஈதர்கேட் என்ற தொடர்பு முறையில் இயங்கும் ஐரோப்பியக் கொன்ட்ரோலருக்கு விலை சொல்லியிருக்கிறார். இணையத்தில் சீனக் கொன்ட்ரோலர் ஒன்று அதன் எட்டில் ஒரு பங்கு விலைக்குக் கிடக்கிறது. நண்பர் ஒருவரோ இலவச மென்பொருளைப் பழைய கணினியில் ஏற்றினால் போதும் என்கிறார். "நான்கு அச்சுக் கொன்ட்ரோலர் எது நல்லது, எங்கே வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது, எதில் காசைப் போட்டால் ஒவ்வொரு கோளாறுக்கும் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்காமல் வேலை நடக்கும் என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் திருகோணமலைச் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பொதிசெய்யும் பகுதியில் பதினாறு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவன். பிறகு ஒன்பது வருடமாகச் சொந்தமாக அதே வேலையைச் செய்கிறேன். பொதி இயந்திரம், ரவுட்டர், பிளாஸ்மா வெட்டும் மேசை ஆகியவைதான் என் கைக்குப் பழக்கம். ரோபோ கையை நான் தொட்டதில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் வேறு ஆளிடம் அனுப்பிவிடுவேன்.

முதலில் 'நான்கு அச்சு' என்ற சொல்லைச் சரிசெய்வோம். உங்கள் தொழிலில் அச்சு என்றால் மோல்ட், என் தொழிலில் அச்சு என்றால் இயந்திரம் அசையும் திசை. இந்தக் குழப்பம் போதாதென்று மோட்டார்களை எண்ணி அச்சு என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில், வெட்டுத் தலையைத் தாங்கி மேசைக்கு மேலே நகரும் பாலத்தின் இரண்டு கால்களிலும் ஒவ்வொரு மோட்டார் தெரிகிறது. அப்படியானால் உங்களுடையது மூன்று அச்சு, நான்கு மோட்டார். நீளவாட்டில் போகும் அந்த இரண்டு மோட்டார்களும் ஒரே அச்சுக்குத்தான் உழைக்கின்றன. இது வெறும் சொல்விளையாட்டு இல்லை. 'நான்கு அச்சு' என்று போட்டு விற்கும் மலிவான கொன்ட்ரோலர்கள் சிலவற்றில் நான்காவது வெளியீடு சுழல் மேசைக்கு மட்டும்தான். இரண்டு மோட்டார்களைச் சோடியாகக் கட்டி ஓட்டும் வசதி அவற்றில் இராது. வேறு சிலவற்றில் சோடியாக ஓடும், ஆனால் வீட்டுப் புள்ளியை (இயந்திரம் அளவைத் தொடங்கும் இடத்தை) தேடும்போது இரண்டு கால்களும் தத்தம் சுவிட்சைத் தனித்தனியே தேடா. அந்த வசதி இல்லாவிட்டால், மின்சாரம் போய் வந்த பிறகு பாலம் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் முந்தி நின்றாலும் இயந்திரத்துக்குத் தெரியாது. நீங்கள் வெட்டும் சட்டம் மூலைமட்டத்தில் நிற்காது. எந்தத் தச்சனையும் கேளுங்கள், இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார் என்பார். ரவுட்டருக்கும் அதே சோதனைதான். நாளைக்குத் துடுப்புக் கடைய சுழல் மேசை ஒன்றையும் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு வேண்டியது ஐந்து வெளியீடு.

அடுத்தது, வாங்குவதற்கு முன் செத்தது எது என்று உறுதிசெய்யுங்கள். மோட்டார்களை இயக்கும் டிரைவ்களின் முகப்பில் சிறிய எண்பலகையும் பொத்தான்களும் இருக்கும். பெரும்பாலான சேர்வோ டிரைவ்களில் (மோட்டார் நிற்கும் நிலையைப் பார்த்துப் பார்த்துத் திருத்தும் வகை) அந்தப் பொத்தான்களைக் கொண்டே, கொன்ட்ரோலர் இல்லாமல், மோட்டாரை மெதுவாகச் சுழற்றிப் பார்க்கலாம். பாலத்தின் சோடி மோட்டார்களை மட்டும் இப்படித் தனியே சுழற்றாதீர்கள். ஒரு கால் ஓடி மறுகால் நின்றால் பாலம் முறுக்கிக்கொள்ளும். அவற்றைப் பல்சக்கரத்திலிருந்து விலக்கிவிட்டுச் சோதியுங்கள். நான்கும் சுழன்றால் டிரைவும் மோட்டாரும் நலம். பிறகு 24 வோல்ட் மின்வழங்கியை அளந்து பாருங்கள். அட்டை எரிந்துவிட்டது என்று என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு அந்த மின்வழங்கி மட்டும்தான் போயிருந்தது. கணினியின் வன்தட்டு செத்ததைக் கொன்ட்ரோலர் செத்ததாக எண்ணி ஏமாந்தவர்களும் உண்டு. அட்டையைக் கழற்றி அதன் இணைப்பான்களைப் பாருங்கள். கிண்ணியாவில் மூன்று பக்கமும் கடற்காற்று. எங்கள் பழைய தொழிற்சாலையில் ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்து இணைப்பான் ஒன்றை இழுத்தபோது, விரலில் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. செம்பு உப்புக்காற்றில் கரைந்து பூத்த பூ அது. அன்றைக்குத் துடைத்துப் போட்டதும் இயந்திரம் ஓடியது. கொன்ட்ரோலர் மாற்றவேண்டும் என்று அதற்கு முந்திய வாரம்தான் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

சரி, அட்டை உண்மையிலேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கொன்ட்ரோலர் என்பதை இப்போது உங்கள் டிரைவ்கள்தான் முடிவுசெய்கின்றன. உங்கள் படத்தில் தெரியும் வயர்களைப் பார்த்தால் அவை துடிப்பும் திசையும் வாங்கும் வகை. கொன்ட்ரோலர் ஒரு துடிப்பு அனுப்பினால் மோட்டார் ஒரு சிறு அடி நகரும். திசை வயரைப் பார்த்து முன்னோ பின்னோ போகும். பழைய வேறு வகைகளில் கூட்டல் கழித்தல் 10 வோல்ட் அழுத்தத்தால் வேகத்தைச் சொல்வார்கள். ஈதர்கேட்டில் ஒரே கம்பி டிரைவுக்கு டிரைவ் சங்கிலியாகப் போய், நிலை, வேகம், கோளாறு எல்லாவற்றையும் செய்தியாகச் சுமக்கிறது. 2003இல் ஜெர்மனியின் பெக்காஃப் கொம்பனி வெளியிட்ட அந்த முறை நல்ல முறை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் துடிப்பு வாங்கும் டிரைவுக்கு ஈதர்கேட் பேசத் தெரியாது. முகவர் சொன்ன கொன்ட்ரோலரை வாங்கினால் நான்கு டிரைவ்களையும் மாற்றவேண்டும், அல்லது ஈதர்கேட்டைத் துடிப்பாக மாற்றும் அலகுகளை இடையில் போடவேண்டும். டிரைவ் மாறினால் பெரும்பாலும் மோட்டாரும் மாறும், ஏனென்றால் மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று சொல்லும் என்கோடரின் மொழி, ஒரு கொம்பனியுடையது இன்னொரு கொம்பனியின் டிரைவுக்குப் புரியாது. எட்டு மடங்கு என்று நீங்கள் நினைப்பது அங்கே நிற்காது. முகவர் இதைச் சொன்னாரா என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் அவர் உங்கள் இயந்திரத்தைப் பார்க்காமல் விலை போட்டிருக்கிறார்.

'மலிவான கொன்ட்ரோலர் வேகத்துக்குத் தாங்குமா?' என்ற உங்கள் பயத்துக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். பத்தடி நீள அச்சு பெரும்பாலும் பல்சட்டமும் பல்சக்கரமும்தான். உதாரணத்துக்கு மொடியூல் (பல்லின் பருமனைச் சொல்லும் அளவு) 1.5, 20 பல் உள்ள சக்கரம் என்றால் ஒரு சுற்றுக்கு 94.25 மில்லிமீட்டர் நகரும். இடையில் ஐந்துக்கு ஒன்று குறைக்கும் கியர்ப்பெட்டி இருந்தால், மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 18.85 மில்லிமீட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது விநாடிக்கு 50 சுற்று ஓடினால், பாலம் விநாடிக்கு 942 மில்லிமீட்டர் பறக்கும். ஒட்டுப்பலகை வெட்ட இதில் பாதிகூட வேண்டியதில்லை. டிரைவில் ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்பு என்று வைத்தால் அந்த வேகத்துக்கு விநாடிக்கு 500,000 துடிப்பு வேண்டும். ஒரு துடிப்புக்கு 1.9 மைக்ரோன். பல்சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தளர்வே அதைவிடப் பல மடங்கு இருக்கும்போது இந்த நுட்பம் எதற்கு? டிரைவில் மின்கியர் என்ற அமைப்பை மாற்றி 2,000 துடிப்பு என்று வையுங்கள். இப்போது 100,000 துடிப்பு போதும். ஒரு துடிப்புக்கு 9.4 மைக்ரோன், ரிஜிபோமுக்கும் பலகைக்கும் தாராளம். விநாடிக்கு 100,000 துடிப்பு என்பது கணினி இல்லாமல் தானே இயங்கும் இன்றைய எந்த ஒழுங்கான தனிக் கொன்ட்ரோலருக்கும் சுமையே இல்லை. உங்கள் சக்கரமும் கியர்ப்பெட்டியும் வேறாக இருக்கும். பல்லை எண்ணிக் கணக்கை நீங்களே திரும்பப் போடுங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன இலவச வழியையும் இதே கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகையின் பழைய வகையில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருள் ஏறத்தாழ விநாடிக்கு 30,000 துடிப்பு வரைதான் தரும். மேலே சொன்ன 2,000 துடிப்பு அமைப்பில் அது விநாடிக்கு 283 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 17 மீட்டர். வேகம் போதும், ஆனால் அது மூன்று அச்சுக்கு எழுதப்பட்டது. கணினியில் ஏற்றும் லினக்ஸ்சி.என்.சி. என்ற இலவச மென்பொருள் வேறு தரம். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் தொடங்கிய வேலை அது. சோடி மோட்டார், தனித்தனி வீட்டுப் புள்ளி எல்லாம் அதில் ஒழுங்காகச் செய்யலாம். நான் என் சொந்தப் பிளாஸ்மா மேசையில் அதைத்தான் வைத்திருக்கிறேன். உங்களுக்கு அதைச் சொல்லத் தயங்குவதற்கு ஒரே காரணம்: அதை அமைத்துக் கொடுத்த ஆள் வெளிநாடு போய்விட்டால், பிறகு அதைத் திறந்து பார்க்க உங்கள் பட்டறையில் யார் இருக்கிறார்கள்? உங்கள் நண்பர் பக்கத்திலேயே இருப்பவர், ஆர்வமுள்ளவர் என்றால் என் தயக்கத்தைத் தள்ளிவிடலாம்.

இன்னொரு விஷயத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். கடையில் 'மோஷன் கொன்ட்ரோலர்' என்று கேட்டால் இரண்டு வேறு சாமான்கள் கிடைக்கும். ஒன்று, வெட்டும் பாதையைக் கட்டளைகளாக எழுதிய ஜி-கோட் கோப்பை யூ.எஸ்.பி.யில் வாங்கிக்கொண்டு வெட்டத் தொடங்கும் சி.என்.சி. (கணினி எண்கட்டுப்பாட்டு) கொன்ட்ரோலர். மற்றது எதையும் செய்யக்கூடிய வெறும் கருவி. பிரித்தானியாவின் ட்ரையோ, அமெரிக்காவின் கலில் போன்ற கொம்பனிகள் பெயர்பெற்றது அதில்தான். ஓடிக்கொண்டிருக்கும் பொதித் தாளின் கறுப்புப் புள்ளியைக் கண்டதும் கத்தியை அதே வேகத்தில் துரத்திப் பிடித்து வெட்டவேண்டும் என்றால் நான் அந்த வகையைத்தான் எடுப்பேன். அந்த வேலைக்குச் சி.என்.சி. கொன்ட்ரோலர் உதவாது. ஆனால் வெறும் கருவிக்கு நிரலை யாராவது எழுதவேண்டும். உங்கள் படகுச் சட்டத்துக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

ஆகவே என் யோசனை: ஐந்து மோட்டாருக்குத் துடிப்பு வெளியீடுள்ள தனிச் சி.என்.சி. கொன்ட்ரோலர். வாங்கினால் ஒரே மாதிரியில் இரண்டு. ஒன்று இயந்திரத்தில், மற்றது உலர்த்திப் பொட்டலம் போட்ட பெட்டியில். இரண்டாவதையும் முதல் வாரமே பொருத்தி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அது மாற்றுச் சாமானா, செத்த சாமானா என்று தேவைப்படும் அன்றுதான் தெரியவரும். இரண்டும் சேர்ந்தாலும் முகவர் சொன்ன விலையில் நாலில் ஒரு பங்குதான். 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது ஒரு வாடிக்கையாளரின் டிரைவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன். அவருடைய இயந்திரம் தூசு படிந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, மாற்றுச் சாமான் கையில் இல்லாத எதையும் நான் பொருத்திக் கொடுப்பதில்லை.

விற்பவரிடம் காசு அனுப்புவதற்கு முன் எழுத்தில் கேட்கவேண்டியவை சில உண்டு. சோடி மோட்டார்கள் தனித்தனியே வீட்டுப் புள்ளியைத் தேடுமா என்பது முதலாவது. துடிப்பு வெளியீடு வேறுபாட்டு வகையா, ஓப்பன் கலெக்டர் வகையா என்பது இரண்டாவது. முதல் வகையில் ஒவ்வொரு துடிப்பும் இரண்டு வயரில் எதிரெதிராகப் போவதால் மின் இரைச்சல் எளிதில் தொற்றாது. பல டிரைவ்களில் ஓப்பன் கலெக்டர் உள்ளீடு விநாடிக்கு 200,000 துடிப்போடு நின்றுவிடும், அதோடு உங்கள் வெட்டு மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வேர்ட்டர் கிளப்பும் இரைச்சலையும் சேர்த்துக் குடிக்கும். முழுக் கையேடும் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று கேட்டு, கையேட்டையே அனுப்பச் சொல்லுங்கள். முதல் பத்துப் பக்கம் ஆங்கிலத்திலும் மீதி சீனத்திலும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அமைப்புகளை யூ.எஸ்.பி.யில் சேமித்து மற்றக் கொன்ட்ரோலரில் அப்படியே ஏற்ற முடியுமா, உள்ளமைப்புக்குக் கடவுச்சொல் உண்டா, உண்டென்றால் அது என்ன என்பதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒருமுறை நான் பழைய கொன்ட்ரோலர் ஒன்றைக் கைமாற்றாக வாங்கினேன். ஓடியது, அழகாக ஓடியது. ஆனால் நீளத்தை மாற்றப் போனால் கடவுச்சொல் கேட்டது. விற்றவரின் தொலைபேசி அதற்குள் ஓய்ந்துவிட்டது. அதனாலேயே பழைய டிரைவ் வாங்குவேன், பழைய மோட்டார் வாங்குவேன், பழைய கொன்ட்ரோலர் மட்டும் வாங்கமாட்டேன்.

எங்கே வாங்குவது என்பதற்கு மூன்று இடம் சொல்லலாம். கொழும்பு முகவர்களிடம் விலை கூடுதல், ஆனால் சுங்கத் தலையிடி அவர்களுடையது. ரசீதும் உத்தரவாதமும் இருக்கும். நேரே சீனாவிலிருந்து என்றால் சுங்க வேலையை நீங்களே பார்க்கவேண்டும். எண்கட்டுப்பாட்டுக் கருவிகள் சுங்கத் தலைப்பு 8537இல் வரும், சேர்வோ மோட்டார் 8501இல், டிரைவ் 8504இல். விலைப்பட்டியலில் 'எலெக்ட்ரோனிக் பாகம்' என்று பொத்தாம் பொதுவாக எழுதி அனுப்பினால் பொதி அங்கே மாட்டிக்கொள்ளும். சாமானின் பெயரும் மாதிரி எண்ணும் தெளிவாக இருக்கவேண்டும். மற்ற வரிகளோடு, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான வற் வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். மொத்த வரி எவ்வளவு என்பதை வாங்குவதற்கு முன் சுங்க முகவரிடம் அந்த மாதத்து நிலவரமாகக் கேட்பதே சரி. மூன்றாவது இடம் கோயம்புத்தூர். இயந்திரத் தொழில் ஊறிய ஊர். சீன, தைவான் கொன்ட்ரோலர்களைப் பொருத்திக் கொடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு இயந்திரம் நின்றால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பித் தமிழிலேயே பேசித் தீர்க்கலாம் என்பது எனக்குப் பெரிய வசதியாக இருந்திருக்கிறது. விலை கொஞ்சம் கூடினாலும் அந்தக் குரலுக்காக நான் கொடுத்திருக்கிறேன்.

பொருத்தும்போது கவனிக்க இரண்டு மூன்று விஷயங்கள். மேலும் கீழும் போகும் மோட்டாரில் பிரேக் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரேக்கைக் கொன்ட்ரோலரின் வெளியீட்டில் கட்டாதீர்கள். டிரைவின் பிரேக் வெளியீட்டிலிருந்து ரிலே வழியாகக் கட்டுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளை நம்பி இருக்கக்கூடாது. பொத்தானை அமுக்கினால் வயர் வழியாகவே டிரைவின் வலு அறவேண்டும். அதோடு, மோட்டாரின் வலுவை அறுப்பது கனத்தைத் தாங்காது, பிரேக்தான் தாங்கும். பிரேக் தேய்ந்த இயந்திரம் ஒன்றில் பொத்தானை அமுக்கியதும் வெட்டுத் தலை முழுவதும் இறங்கி என் இடது கைப் பெருவிரல் நகத்தைக் கொண்டுபோனது. நகம் முளைத்துவிட்டது, கோணலாக. ரிஜிபோம் வெட்டும்போது தூசு உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின் ஏறும். உள்ளே செம்புக் கம்பி ஒன்றை ஓட்டி அதை எர்த்தில் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் புதுக் கொன்ட்ரோலர் காரணம் தெரியாமல் நடுவேலையில் நிற்கும்.

கொன்ட்ரோலரும் டிரைவ்களும் இருக்கும் பெட்டிக்குக் குளிரூட்டி போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கச்சான் என்ற சூடான காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பெட்டி கொதிக்கும், அது உண்மை. ஆனால் குளிர்ந்த பெட்டியைக் கதவு திறந்த நொடியில் எங்கள் ஈரக்காற்று உள்ளே போய் அட்டையில் வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பும் இருக்கும். தூசையும் நீர்த் தெறிப்பையும் தடுக்கும் ஐ.பி. 54 தரமுள்ள மூடிய பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து, உள்ளே காற்றைச் சுழற்றும் விசிறி போட்டு, வாடைக்காலத்தில் இயந்திரம் ஓடாத இரவுகளில் ஒரு சிறிய சூடேற்றியை எரியவிடுவதே எனக்குச் சரிவந்திருக்கிறது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் விசிறி வேண்டாம். கண்ணாடியிழைத் தூசையும் அதுதான் அழைத்துவரும்.

எல்லாம் பொருத்திய பிறகு ஒரு சோதனை. வெட்டாமல், காற்றில், ஒரே ஜி-கோட் கோப்பை இருபது தடவை ஓட்டி ஒவ்வொரு தடவையும் தொடங்கிய புள்ளிக்குத் திரும்பச் சொல்லுங்கள். சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்றை அங்கே நிறுத்திவையுங்கள். முள் ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனால், டிரைவில் பதிவான துடிப்பு எண்ணிக்கையைக் கொன்ட்ரோலர் காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் கோளாறு வயரில், அநேகமாக இரைச்சல். ஒத்துப்போனால் கோளாறு இரும்பில்: இணைப்பி வழுக்குகிறது அல்லது பல்சக்கரத்தின் ஆணி தளர்ந்திருக்கிறது. முள் முன்னும் பின்னும் தாறுமாறாக ஆடினால் முதலில் தண்டவாளத்தையும் தாங்கிகளையும் பாருங்கள்.

இவ்வளவும் துடிப்பு வகை டிரைவ் என்ற என் ஊகத்தின்மேல் எழுதியது. படத்தில் பெயர்த் தகடு மங்கலாக இருக்கிறது. நான்கு டிரைவ்களின் பெயர்த் தகட்டையும், கொன்ட்ரோலர் வயர் செருகும் இணைப்பானையும் பகல் வெளிச்சத்தில் கிட்ட வைத்து எடுத்து அனுப்புங்கள். அதுவரை முகவருக்கோ இணைய விற்பனையாளருக்கோ முற்பணம் கொடுக்காதீர்கள்.